ஆங்கிலப் பாட்டைப் பாடவும் வேண்டும், உடைக்கவும் வேண்டும்



கொஞ்சம் நீளமான பதிவு இது. வகுப்பில் மணி அடித்த பிறகும் விடாமல் நடத்துவேன் என்று கேலி செய்தவர்கள் நீங்கள்தானே, பொறுத்துக்கொள்ளுங்கள்.

சென்ற வாரம் என்னிடம் படித்த ஒருவர் போன் செய்தார். இப்போது கல்வராயன் மலையில் தொடக்கப் பள்ளி ஆசிரியர். "சார், இங்கிலீஷ் பீரியட்ல பாட்டுப் பாடித்தான் ஆரம்பிக்கிறேன். பசங்க நல்லா வர்றாங்க. ஆனா பார்க்க வர்றவங்க, பாட்டெல்லாம் சரி, பாடம் எப்போ நடத்துவீங்கன்னு கேக்குறாங்க. நீங்க என்ன சார் சொல்றீங்க?" என்றார். போனில் சொன்ன நாலு வார்த்தை எனக்கே போதவில்லை. அதனால்தான் இங்கே எழுதுகிறேன். உங்களில் ஆசிரியர் ஆனவர்கள் இருக்கிறீர்கள். பிள்ளை பெற்றவர்கள் எல்லாரும் ஒரு வகையில் ஆசிரியர்தான்.

என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஆங்கில வகுப்பில் பாட்டு கட்டாயம் வேண்டும். மலைப் பள்ளிகளில் இன்னும் கூடுதலாக வேண்டும். ஆனால் பாட வைப்பது பாதி வேலைதான். பாடிய பாட்டைப் பிள்ளை உடைக்க வேண்டும். அதிலிருக்கும் சொல்லை எடுத்துவிட்டுத் தன் சொல்லைப் போட வேண்டும். கடைசியில் மெட்டையும் விட்டுவிட்டுப் பேச வேண்டும். இந்த இரண்டாம் பாதி நடக்காத வகுப்பில், "பாடம் எப்போது?" என்று ஒருவர் கேட்டால் அந்தக் கேள்வியில் நியாயம் இருக்கிறது.

இதைச் சொல்ல எனக்கு என்ன தகுதி என்று புதிதாகச் சேர்ந்த மருமகப் பிள்ளைகள் கேட்கலாம். 33 வருடம் ஆங்கிலம் நடத்தியிருக்கிறேன். வேலையில் சேர்ந்தபோது நம் ஊர் தென்னாற்காடு மாவட்டம். 1993-இல் விழுப்புரம் மாவட்டம் ஆனது. அதில்தான் ஓய்வு பெற்றேன். 2019 நவம்பரில் கள்ளக்குறிச்சி தனி மாவட்டம் ஆயிற்று. வீடு மாறாமலே மூன்று மாவட்டத்தில் இருந்துவிட்டேன்! இந்த வருடங்களில் கொஞ்ச காலம் மலையில், மிச்சமெல்லாம் கீழே. இரண்டு இடத்துப் பிள்ளைகளையும் பார்த்தவன் என்ற முறையில் எழுதுகிறேன்.

முதலில், பாட்டு ஏன் வேண்டும் என்று பார்ப்போம். "பிள்ளைகளுக்கு ஜாலியாக இருக்கும்" என்று பொதுவாகச் சொல்வார்கள். ஜாலி நல்லதுதான். ஆனால் அதற்கு மேல் மூன்று காரணம் உண்டு. மூன்றும் நம் தமிழ் நாக்கோடு சம்பந்தப்பட்டவை.

ஒன்று, வார்த்தை முடிகிற இடம். வல்லினத்தில் ஒரு சொல்லை முடிப்பது தமிழுக்குப் பழக்கமில்லை. அதனால் வாலில் ஒரு "உ" சேர்த்துவிடுவோம். புக் என்பது புக்கு, பெஞ்ச் என்பது பெஞ்சு, பஸ் என்பது பஸ்ஸு. முன்னால் ஒரு "இ" வேறு வரும், இஸ்கூலு, இஸ்டூலு என்று. தமிழ் பேசும்போது இதில் தவறே கிடையாது. கடன் வாங்கிய சொல்லை நம் மொழி தன் வழக்கத்துக்கு மாற்றிக்கொள்கிறது. ஆங்கிலமாகப் பேசும்போதுதான் கேட்பவருக்குப் புரியாமல் போகிறது. இதை "உ சேர்க்காதே, உ சேர்க்காதே" என்று ஆயிரம் முறை சொல்லித் திருத்த முடியாது. சொல்லிப் பார்த்தவன் சொல்கிறேன். ஆனால் நான்கு தட்டுத் தாளம் போட்டு "புக் அண்ட் பென் அண்ட் பேக் அண்ட் பால்" என்று சொல்ல வையுங்கள். "புக்கு அண்டு பென்னு அண்டு பேக்கு அண்டு பாலு" என்று எவன் சொன்னாலும் தாளம் அவனை விட்டுவிட்டு ஓடிவிடும். இரண்டாம் நாளே வாலை அவனாகவே வெட்டிக்கொள்வான். திருத்துகிற வேலையைத் தாளம் பார்த்துக்கொள்கிறது. நாம் திட்ட வேண்டியதில்லை, பிள்ளை கூச வேண்டியதில்லை.

இரண்டு, சின்னச் சின்னச் சொற்கள். "அது மரம்" என்றால் தமிழில் வாக்கியம் முடிந்துவிட்டது. ஆங்கிலத்தில் இடையில் "இஸ்" வேண்டும், "எ" வேண்டும். நம் பிள்ளைகள் "தட் ட்ரீ" என்பார்கள். "மை நேம் கண்ணன்" என்பார்கள். அந்தச் சின்னச் சொற்களுக்குத் தமிழில் இடமே இல்லாததால் காதில் விழுவதே இல்லை. ஆங்கிலம் பேசுகிறவர்களும் அவற்றை அழுத்தாமல் விழுங்கிவிடுவார்கள். பாட்டில் அப்படி விட முடியாது. ஒவ்வொரு குட்டிச் சொல்லுக்கும் மெட்டில் ஓர் இருக்கை போட்டிருக்கிறது. இருக்கை காலியாக இருந்தால் பாட்டு நொண்டும். பிள்ளைக்கு இலக்கணம் தெரியாது, நொண்டுவது தெரியும்.

மூன்று, வரிசை. "நான் மாம்பழம் சாப்பிடுகிறேன்" என்பதில் வினை கடைசியில் வருகிறது. அந்த வரிசையிலேயே ஆங்கிலத்தை அடுக்கினால் "ஐ மேங்கோ ஈட்" ஆகிறது. பாட்டாகக் கற்ற வாக்கியத்தை யாரும் அப்படி மாற்றி அடுக்குவதில்லை. அது முழுத் துண்டாகவே மனதில் உட்கார்ந்துவிடுகிறது.

"இதெல்லாம் உங்கள் அனுபவம், ஆராய்ச்சி ஏதாவது உண்டா?" என்று கேட்கும் பேராசிரியர்களும் என் மாணவர்களில் இருக்கிறார்கள். உண்டு. எடின்பரோ பல்கலைக்கழகத்தில் செய்த ஒரு சோதனையை 2014-இல் வெளியிட்டார்கள். 60 பேர், எல்லாரும் பெரியவர்கள். அவர்களுக்குச் சுத்தமாகத் தெரியாத ஹங்கேரிய மொழியில் சில தொடர்களை 15 நிமிடம் கற்பித்தார்கள். ஒரு குழு கேட்டுத் திருப்பிச் சொன்னது. இன்னொரு குழு தாளத்தோடு சொன்னது. மூன்றாவது குழு பாடியது. பிறகு சோதித்தபோது, ஹங்கேரியத் தொடர்களைத் திரும்பச் சொல்வதில் பாடிய குழு முன்னால் நின்றது. நம் பாட்டிமார்களுக்கு இது புதிய செய்தி கிடையாது. வாய்ப்பாட்டை ராகம் போட்டுச் சொல்ல வைத்தவர்கள் அவர்கள். ஆனால் ஒன்றைக் கவனியுங்கள். அந்தச் சோதனையில் பார்த்தது தொடர்கள் நினைவில் நின்றனவா என்பதைத்தான். அவற்றை வைத்து ஒருவரோடு உரையாட முடிந்ததா என்பது வேறு கேள்வி. அதற்குப் பின்னால் வருகிறேன்.

இப்போது மலைக்கு வருவோம். கச்சிராயபாளையம் தாண்டி ஏறினால் கரியாலூர், வெள்ளிமலை, சேராப்பட்டு, இன்னாடு என்று ஊர்கள். கீழே இருப்பவர்களுக்கு அவை சுற்றுலாவுக்குப் போய் அருவியில் குளித்துவிட்டு வரும் இடம். அங்கே வாழும் மலையாளிப் பழங்குடி மக்களின் கதை வேறு. 1976 வரை அந்த மலை ஜாகீர்தார்கள் கையில் இருந்தது. நாடு விடுதலை பெற்று 29 வருடம் கழித்துத்தான் அரசு நிர்வாகம் நேராக ஏறிப் போனது. கீழே மூன்று தலைமுறை பள்ளிக்கூடம் போயிருந்தால் அங்கே பல வீடுகளில் இப்போது படிப்பதுதான் முதல் தலைமுறை. பெயரை வைத்துக் கேரளத்து மலையாளம் என்று நினைக்காதீர்கள், அவர்கள் பேசுவது தமிழ்தான். ஆனாலும் வீட்டில் பேசும் தமிழிலிருந்து பாடப் புத்தகத் தமிழுக்கே ஒரு படி ஏற வேண்டும். அதோடு ஒன்றாம் வகுப்பிலேயே ஆங்கிலமும் வந்து நிற்கிறது. ஆறு வயதில் இரண்டு ஏற்றம்.

கீழே ஒரு பிள்ளைக்கு ஆங்கிலம் வராவிட்டால் ட்யூஷன் இருக்கிறது, படித்த அத்தை இருக்கிறாள், பக்கத்து வீட்டு அண்ணன் இருக்கிறான். மலையில் மாலை நாலு மணிக்குப் பள்ளி விட்டால் மறுநாள் காலை வரை ஆங்கிலம் என்ற ஒன்றே கிடையாது. உண்டு உறைவிடப் பள்ளிப் பிள்ளை விடுமுறைக்கு வீட்டுக்குப் போனால் அத்தனை நாளும் கிடையாது. புத்தகத்தை எடுத்துப் போனாலும் கேட்டுச் சொல்ல ஆளில்லை. பாட்டு மட்டும்தான் கூடவே நடந்து போகும். ஆடு ஓட்டும்போது, தண்ணீர் எடுக்கும்போது, தம்பியைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டு நிற்கும்போது அது வாயில் வரும். பள்ளிக்கு வராத தங்கைக்கும் சேர்ந்து வந்துவிடும். சாமைக் கொல்லையில் ஆங்கில வீட்டுப்பாடம் நடக்கிற ஒரே வழி அதுதான்.

இன்னொன்று. மலையில் ஆட்டமும் பாட்டும் இல்லாத திருவிழா கிடையாது. வகுப்பில் கேள்வி கேட்டால் தலையைக் குனிந்துகொள்ளும் பிள்ளை, ஊர்த் திருவிழாவில் நூறு பேர் நடுவில் குரலெடுத்துப் பாடும். அதைக் கண்ணால் பார்த்த பிறகு "இந்தப் பிள்ளைகளுக்குக் கூச்சம்" என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. நாம் திறந்து வைத்த கதவு அவர்களுக்குப் பழக்கமில்லாதது, அவ்வளவுதான்.

என்னிடம் வந்த ஒரு மலைப் பெண். பெயர் சொல்ல மாட்டேன், இதை அவளே படிப்பாள். ஆறாம் வகுப்பில் சேர்ந்து ஒரு மாதம் ஆங்கில வகுப்பில் அவள் குரலை நான் கேட்டதில்லை. வருகைப் பதிவுக்கு "எஸ் சார்" கூடச் சொல்ல மாட்டாள், கையை மட்டும் தூக்குவாள். கும்மி மெட்டில் ஒரு கேள்வி பதில் பாட்டு எடுத்தபோது முதலில் உதடு அசைந்தது. பிறகு குரல் வந்தது. பிறகு மற்றவர்களுக்கு அவளே அடி எடுத்துக் கொடுத்தாள். அப்புறம்தான் மெட்டில்லாத பேச்சு. இன்று வெளி மாநிலத்தில் செவிலியர். மருத்துவர்களிடம் நோயாளியின் நிலையை ஆங்கிலத்தில் சொல்வதுதான் அவள் தினசரி வேலை. பாட்டுதான் அவளை நர்ஸ் ஆக்கியது என்று சொல்ல மாட்டேன். அவள் உழைத்தாள். வாய் திறந்தது பாட்டில், அதைச் சொல்வேன்.

இனி அடுத்த பக்கம். பாட்டை மட்டும் நம்பினால் என்ன ஆகும்?

ஒரு பள்ளி ஆண்டு விழாவுக்குப் போயிருந்தேன். இரண்டாம் வகுப்புப் பையன், கோட்டு சூட்டு, கழுத்தில் டை. ஓர் ஆங்கிலப் பாட்டை ஒரு சொல் விடாமல், கை கால் அசைவோடு பாடினான். கைதட்டல் அடங்க நேரமாயிற்று. விருந்தினர் மகிழ்ந்துபோய் அவனைப் பக்கத்தில் கூப்பிட்டு, அவன் அண்ணன் பெயர் என்ன என்று ஆங்கிலத்தில் கேட்டார். மிகச் சின்ன கேள்வி. பையன் அவரைப் பார்த்தான், கூட்டத்தைப் பார்த்தான், அடுத்த பாட்டின் முதல் வரியைப் பாட ஆரம்பித்துவிட்டான். எல்லாரும் சிரித்தார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. பையன் கெட்டிக்காரன், அத்தனை வரி நினைவில் வைத்திருக்கிறானே! அவனுக்குக் கொடுத்தது மொழி இல்லை, அலங்காரம். ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது என்பார்கள், மேடைச் சுரைக்காயும் உதவாது.

பேரன் பேத்தி ரைம்ஸ் பாடும் வீடியோவைக் குடும்பக் குழுவில் அனுப்பும் உறவுகள் கோபித்துக்கொள்ள வேண்டாம். வீடியோ அனுப்புங்கள், பார்க்க ஆசையாகத்தான் இருக்கிறது. எடுத்து முடித்ததும் அந்தப் பாட்டிலிருந்து ஒரு கேள்வி கேட்டுப் பாருங்கள், அவ்வளவுதான் சொல்கிறேன்.

சேர்ந்து பாடுவதில் இன்னொரு சிக்கல், கும்பலோடு கோவிந்தா. நாற்பது பேர் பாடும்போது பத்துப் பேர் பாடுவார்கள், இருபது பேர் கடைசி எழுத்தை மட்டும் சேர்ந்து இழுப்பார்கள், மீதிப் பேர் வாயசைப்பார்கள். வெளியிலிருந்து கேட்டால் வகுப்பே அதிரும். யாருக்கு வந்தது, யாருக்கு வரவில்லை என்று ஆசிரியருக்கே தெரியாது. மேலும் பழைய ஆங்கில ரைம்ஸ் பலவற்றில் இருப்பது இன்று யாரும் பேசாத ஆங்கிலம். விண்மீனைப் பற்றி எல்லாப் பிள்ளைகளும் பாடுகிற அந்தப் பாட்டு, ஜேன் டெய்லர் என்ற பெண்மணி 1806-இல் வெளியிட்ட கவிதை. மெட்டு பிரெஞ்சு நாட்டுடையது. பாட்டு அழகு, மறுக்கவில்லை. ஆனால் கவிதைக்காக வார்த்தையை முன்பின்னாகப் போட்ட வாக்கியத்தை வைத்து ஒரு பிள்ளை கடையில் ஒரு சாமான் கேட்க முடியாது.

இதைப் பற்றி யோசிக்கும்போதெல்லாம் என்.எஸ். பிரபு என்ற பெயர் எனக்கு நினைவுக்கு வரும். சென்னையில் பிரிட்டிஷ் கவுன்சிலில் பணியாற்றியவர். 1979 முதல் 1984 வரை தென்னிந்தியப் பள்ளிகள் சிலவற்றில் அவர் நடத்திய ஆங்கிலக் கற்பித்தல் முயற்சியை இன்றும் உலகம் முழுக்க "பெங்களூர் புராஜெக்ட்" என்று படிக்கிறார்கள். 1987-இல் புத்தகமாகவும் எழுதினார். அவர் வாதத்தை என் சொல்லில் சுருக்கினால், பிள்ளையின் கவனம் வார்த்தையின் மேல் இருக்கும்போது அல்ல, ஒரு வேலையை முடிப்பதில், பொருளில் இருக்கும்போதுதான் மொழி உள்ளே இறங்குகிறது. வரைபடத்தைப் பார்த்து வழி கண்டுபிடி, ரயில் அட்டவணையைப் பார்த்து எந்த ரயிலில் போகலாம் என்று சொல், இப்படிப்பட்ட வேலைகள். இந்த அளவுகோலை வைத்தால் மனப்பாடப் பாட்டு தோற்றுவிடும். பாடும் பிள்ளை எதையும் யோசிக்க வேண்டியதில்லை. ஆகவே, பாட்டுக்குள் யோசிக்கும் இடம் ஒன்றை நாம்தான் வைக்க வேண்டும்.

அதற்கு வழி புதிதாகத் தேட வேண்டியதில்லை, நம்மிடமே பழைய சரக்கு இருக்கிறது. 1959 தொடங்கி அன்றைய சென்னை மாநிலத்தில் தொடக்க நிலை ஆங்கில ஆசிரியர்கள் 27,000 பேருக்குப் பயிற்சி தர ஒரு பெரிய இயக்கம் நடந்தது. சிலருக்குப் பயிற்சி, அவர்கள் இன்னும் பலருக்கு, அவர்கள் மேலும் பலருக்கு என்று உருட்டிப் பெருக்கியதால் "மெட்ராஸ் ஸ்நோபால்" என்று பெயர். பனியே பார்க்காத ஊருக்குப் பனிப்பந்து! என் ஆசிரியர்கள் அந்தப் பயிற்சியின் பிள்ளைகள். ஒரு வாக்கியத்தை வைத்துக்கொண்டு அதில் ஒரு சொல்லை மட்டும் மாற்றிக்கொண்டே போவது அவர்கள் முறை. இது புத்தகம், இது பேனா, இது நாற்காலி. ஒழுங்கான முறைதான். ஆனால் பத்தாவது வாக்கியத்தில் வகுப்பே தூங்கிவிடும். பாட்டில் உயிர் இருக்கிறது, மாற்றம் இல்லை. அந்த முறையில் மாற்றம் இருக்கிறது, உயிர் இல்லை. இரண்டையும் சேர்த்தேன், அவ்வளவுதான் என் "ரகசியம்".

எப்படி என்று சொல்கிறேன், ஆசிரியர்கள் குறித்துக்கொள்ளுங்கள். கும்மி மெட்டுக்கு நானே கட்டிய பாட்டு ஒன்று. என்னிடம் படித்தவர்களுக்கு இன்னும் நினைவிருக்கும்.

வேர் டு யூ லிவ், அண்ணா அண்ணா?
ஐ லிவ் இன் வெள்ளிமலை.
வாட் டு யூ க்ரோ, அண்ணா அண்ணா?
வீ க்ரோ சாமை, தினை.

முதல் நாள் இதை அப்படியே பாடுவோம். கை தட்டி, வட்டமாகச் சுற்றி. கரும்பலகையில் எழுதியும் போட்டுவிடுவேன். பாடும்போது ஒரு பிள்ளை குச்சியால் சொல் சொல்லாகத் தொட்டுக் காட்டும். அகமதாபாத் ஐ.ஐ.எம்.மில் இருந்த பிரிஜ் கோத்தாரி, தொலைக்காட்சியில் சினிமாப் பாட்டு ஓடும்போது அதே மொழியில் வரிகளைக் கீழே ஓட விட்டால் மக்கள் தம்மை அறியாமல் வாசிக்கப் பழகுவார்கள் என்ற யோசனையோடு 1999-இல் குஜராத்தி நிகழ்ச்சி ஒன்றில் அதைத் தொடங்கி வைத்தார். காதும் கண்ணும் ஒரே சொல்லில் ஒரே நேரத்தில் நிற்க வேண்டும் என்பதுதான் சங்கதி. நம் கரும்பலகையும் குச்சியும் அதே வேலையைக் கரண்ட் இல்லாமல் செய்யும்.

இரண்டாம் நாள் உடைப்பு. வெள்ளிமலையை அழித்துவிட்டுக் கோடு போடுவேன். ஒவ்வொரு பிள்ளையும் தன் ஊரைப் போட்டுப் பாட வேண்டும். கரியாலூர், சேராப்பட்டு, சங்கராபுரம், சின்னசேலம். சாமை, தினையை அழித்துவிட்டுத் தன் வீட்டில் விளைவதைப் போட வேண்டும். மரவள்ளிக்கு ஆங்கிலத்தில் என்ன, கரும்புக்கு என்ன, மக்காச்சோளத்துக்கு என்ன என்று அவர்களே வந்து கேட்பார்கள். கேட்டு வாங்கிய சொல் மறப்பதில்லை. கூட்டத்தில் ஒளியவும் முடியாது, ஏனென்றால் அவன் ஊரை அவன்தான் பாட வேண்டும்.

மூன்றாம் நாள் ஆளை மாற்றுவேன். அக்காவைப் பற்றிக் கேட்க வேண்டும் என்றால் "டு" போய் "டஸ்" வரும், "லிவ்" போய் "லிவ்ஸ்" வரும். இலக்கணப் புத்தகத்தில் ஒரு பக்கம் முழுக்க இருக்கிற சங்கதி, ஒரு "ஸ்" சத்தத்தில் தடுக்கி விழுந்து, சிரித்து, எழுந்து பாடும்போது பிடிபட்டுவிடும்.

நான்காம் நாள் மெட்டு கிடையாது. இரண்டு பேர் எதிரெதிராக நின்று சாதாரணமாகப் பேச வேண்டும். பாட்டில் இழுத்த சொல்லைப் பேச்சில் இழுக்கக்கூடாது. அதற்காகவே இந்த நாள். பிறகு அவரவர் பாட்டை நோட்டில் எழுத வேண்டும். நாற்பது நோட்டிலும் நாற்பது பாட்டு. பார்த்து எழுதவும் முடியாது!

நம் பிள்ளைகளுக்கு இந்தக் கேள்வி பதில் அமைப்பு புதிதும் இல்லை. இரண்டு வரிசையாக எதிரெதிரே நின்று, பூப்பறிக்க வந்ததாகச் சொல்லி, எந்த மாதம், யாரைத் தேடி என்று கேட்டுக் கடைசியில் இழுத்துக்கொண்டு போகிற விளையாட்டை ஆடாத பெண்பிள்ளை உண்டா? இங்கிலாந்துச் சிறுவர்களும் இதே மாதிரி இரண்டு வரிசை, யார் வேண்டும் என்ற கேள்வி, கடைசியில் இழுபறி என்று ஒரு பாட்டு விளையாட்டு ஆடுகிறார்கள். ஆகவே "அந்நிய மொழிக்கு அந்நியப் பாட்டுத்தான் வேண்டும்" என்று நினைக்க வேண்டாம். மொழி அங்கிருந்து வரட்டும், மெட்டும் ஊர்ப் பெயரும் இங்கிருந்து போகட்டும்.

இனி வழக்கமாக வரும் மறுப்புகள்.

"எனக்குப் பாட வராதே சார்." எனக்கும் வராது, உங்களுக்கே தெரியும். நியூயார்க்கில் வேற்று மொழிக்காரர்களுக்கு ஆங்கிலம் நடத்திய கரோலின் கிரஹாம், 1978-இல் "ஜாஸ் சான்ட்ஸ்" என்று ஒரு புத்தகம் கொண்டுவந்தார். அதில் மெட்டே கிடையாது. சாதாரணப் பேச்சைத் தாளத்தோடு சொல்வதுதான். மேசையைத் தட்டத் தெரிந்தால் போதும்.

"ஸ்மார்ட் டிவி கொடுத்திருக்கிறார்கள், யூடியூபில் போட்டுவிட்டால் ஆயிற்றே." போடுங்கள், நல்ல உச்சரிப்பு காதில் விழட்டும். 2018 முதல் வந்த புதிய பாடப் புத்தகங்களில் கியூஆர் குறியீடு இருக்கிறது, கல்வித் தொலைக்காட்சி இருக்கிறது, எல்லாம் நல்ல வசதி. ஆனால் டிவி நிற்காது, உடைக்காது, உன் ஊர் எது என்று கேட்காது. பிள்ளை பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருந்தால் அது சினிமா. ஒரு முறை டிவி, மூன்று முறை டீச்சர் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

"தமிழே தடுமாறும் பிள்ளைக்கு ஆங்கிலப் பாட்டு எதற்கு?" என்று என் மைத்துனர் கேட்பார். தமிழ்ப் பாட்டுத்தான் முதலில், அதில் மாற்றுக் கருத்து இல்லை. அழ. வள்ளியப்பா போன்றவர்கள் குழந்தைகளுக்கென்றே வாழ்நாளெல்லாம் பாட்டு எழுதி வைத்திருக்கிறார்கள். தமிழில் வாய் நிறையப் பாடிய பிள்ளைக்கு ஆங்கிலத்திலும் வாய் வரும். ஒன்றை எடுத்து ஒன்றைக் கொடுக்கச் சொல்லவில்லை.

"பாடத்திட்டம் முடிய வேண்டுமே." 2022-இல் தொடங்கிய எண்ணும் எழுத்தும் திட்டத்தில் பாட்டும் செயல்பாடும் பாடத்தின் உள்ளேயே வந்துவிட்டன. முதலில் 1 முதல் 3 வகுப்புக்கு, பிறகு 4, 5-க்கும். ஆகவே பாட்டு வேறு பாடம் வேறு என்று பார்க்க வருகிறவர்கள் இனி சொல்ல முடியாது. என் கவலை ஆறாம் வகுப்புக்கு மேலே. அங்கே போனதும் பாட்டு நின்றுவிடுகிறது. அங்கேதான் மலைப் பிள்ளை கீழே இறங்கி வந்து, புதுப் பள்ளியில், புது முகங்களுக்கு நடுவில் உட்கார்கிறது. அந்த வயதில் வாய் மூடினால் பன்னிரண்டாம் வகுப்பு வரை திறக்காது. கல்லூரியில் முதல் நாளே ஆங்கிலத்தில் அறிமுகப்படுத்திக்கொள்ளச் சொல்வார்கள். அந்த இரண்டு நிமிடத்துக்குப் பயந்து ஊர் திரும்பிய பிள்ளைகளை எனக்குத் தெரியும். மதிப்பெண்ணில் ஒருவரும் குறைந்தவர் இல்லை. ஆறு, ஏழு, எட்டாம் வகுப்பில் வாரத்துக்கு இரண்டு பீரியட் இப்படி உடைத்துப் பாடும் வேலைக்கு ஒதுக்கினால் என்ன குடி முழுகிவிடும்?

எனக்குப் போன் செய்த தம்பிக்கு என் பதில் இதுதான். பாடுங்கள், நிறுத்தாதீர்கள். யாராவது "பாடம் எப்போது?" என்று கேட்டால் விளக்கம் சொல்லிக்கொண்டு நிற்க வேண்டாம். கடைசி பெஞ்சில் இருக்கும் ஒரு பிள்ளையை எழுப்பி, பாட்டில் வந்த கேள்வியை மெட்டில்லாமல் அவரையே கேட்கச் சொல்லுங்கள். பிள்ளை தன் ஊரையும் தன் வீட்டு விளைச்சலையும் சொல்லிப் பதில் கொடுத்தால் பாடம் நடந்துவிட்டது என்று அவருக்கே தெரியும். சொல்ல முடியவில்லை என்றால் நீங்கள் இன்னும் முதல் நாளிலேயே இருக்கிறீர்கள், இரண்டாம் நாளுக்குப் போங்கள்.

கடைசியாக ஒரு வேலை தருகிறேன், வாத்தியார் புத்தி போகாது. மலை ஊர்களில் இருப்பவர்கள், உங்கள் பாட்டி பாடும் நடவுப் பாட்டு, கும்மி, தாலாட்டு எதுவானாலும் ஒன்றைப் போனில் பதிவு செய்து எனக்கு வாட்ஸ்அப்பில் அனுப்புங்கள். மெட்டு தெரிந்தால் போதும், ஆறாம் வகுப்பு ஆங்கிலத்துக்கு ஏற்றபடி கேள்வி பதிலாகக் கட்டித் தருகிறேன். பொழுது நிறைய இருக்கிறது எனக்கு. கீழே இருப்பவர்கள் யாராவது அதைத் தட்டச்சு செய்து கொடுங்கள். வருகிற ஜூனில் பள்ளி திறக்கும்போது பத்துப் பாட்டாவது கையில் இருக்க வேண்டும்.

பாட்டிகளிடம் அனுமதி கேட்டுப் பதிவு செய்யுங்கள். அவர்கள் பெயரையும் மறக்காமல் எழுதி அனுப்புங்கள்.

அன்புடன்,
உங்கள் ஆங்கில வாத்தியார்